கரீபியனா, மத்தியதரைக் கடலா, சிங்கப்பூரா? மும்பையிலிருந்து க்ரூஸ் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மாட்டுங்காவில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா சாப்பாட்டு மேஜையில் மூன்று காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தாள். டிராவல் ஏஜென்ட் கொடுத்தவை. மியாமியிலிருந்து கரீபியன் 7 இரவு, பார்சிலோனாவிலிருந்து மத்தியதரைக் கடல் 7 இரவு, சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் 4 இரவு. "நீ மூணுக்கும் போயிட்டு வந்தவ. எது நல்லா இருக்கும்னு சொல்லு" என்றாள்.

"பசங்களுக்கு லீவு எப்போக்கா?"

"மே மாசம்."

"அத்திம்பேருக்கு எத்தனை நாள் கிடைக்கும்?"

"பன்னெண்டு நாள். அதுக்கு மேல ஆபீஸ்ல விடமாட்டா."

"அமெரிக்க விசா?"

"யார்கிட்டயும் இல்லை."

"பெரியம்மாவும் வராளா?"

"அவளை விட்டுட்டு எப்படிடி போறது."

மியாமி காகிதத்தை அங்கேயே மடித்து ஓரமாக வைத்துவிட்டோம். கரீபியன் மோசம் என்பதால் அல்ல. அந்தக் குடும்பத்துக்கு, அந்த வருஷம், அது சரிவராது. படத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுத்தால் பின்னால் வரும் ஒவ்வொரு வேலையும் சிக்கலாகும். லீவு, பருவம், விசா, கூட வருகிற ஆட்கள் என்று இந்த வரிசையில் யோசித்தால் பொருந்தாத கடல்கள் தாமாகவே விலகிவிடும். கப்பலின் பெயரைக் கடைசியில் பார்த்தால் போதும்.

லீவைக் கழித்துப் பாருங்கள்

முதலில் கையில் இருக்கும் நாட்களை எழுதி, அதிலிருந்து விமானத்துக்கும் முன்னேற்பாட்டுக்கும் போகிற நாட்களைக் கழியுங்கள்.

மும்பையிலிருந்து மியாமிக்கு நேர் விமானம் கிடையாது. நியூயார்க்கிலோ ஐரோப்பாவிலோ வளைகுடாவிலோ மாற வேண்டும். வீட்டு வாசலிலிருந்து மியாமி ஹோட்டல் வாசல் வரை ஒரு முழு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபுளோரிடா நேரம் நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. பகல் இரவாக மாறிய உடம்பு சரியாக இரண்டு மூன்று நாள் ஆகும். ஆக, 7 இரவுக் கப்பலுக்கு 12 நாள் இல்லாமல் கரீபியன் போகாதீர்கள். 14 நாள் இருந்தால் நிம்மதி.

பார்சிலோனா, ரோம், ஏதென்ஸ் பக்கம் கோடையில் நேர வித்தியாசம் இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம்தான். போன மறுநாளே சரியாகிவிடும். 10 அல்லது 11 நாளில் ஒரு 7 இரவுக் கப்பலை முடித்துவிடலாம். சிங்கப்பூர் ஐந்தரை மணி நேர விமானம். 3 அல்லது 4 இரவுக் கப்பலோடு ஊரையும் சுற்றிப் பார்க்க ஒரு வாரம் தாராளம்.

கப்பல் கிளம்பும் நாளன்று காலையில் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் எடுக்கவே எடுக்காதீர்கள். பார்சிலோனாவுக்கு நாங்கள் அப்படித்தான் போனோம். நடுவில் மாறவேண்டிய விமானம் தாமதமானது. ஓடிப் போய் நாங்கள் ஏறினோம், பெட்டிகள் ஏறவில்லை. அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரைகள் அந்தப் பெட்டியில் இருந்தன. மறுநாள் மார்செய்யில் இறங்கி ஊரைப் பார்க்காமல் மருந்துக் கடை தேடி அலைந்தோம். பெட்டிகள் நான்காம் நாள் நேப்பிள்ஸில் வந்து சேர்ந்தன. அப்பா அந்த நான்கு நாளும் ஒரே சட்டையை இரவில் துவைத்து, கேபின் குளியலறைக் கம்பியில் காயப்போட்டு, காலையில் ஈரம் போகாமலேயே போட்டுக்கொண்டார். இப்போதெல்லாம் ஆசியாவுக்குள் என்றால் ஒரு நாள் முன்னாலும், ஐரோப்பா, அமெரிக்கா என்றால் இரண்டு நாள் முன்னாலும் போய்விடுகிறோம். மருந்தும் ஒரு செட் மாற்று உடையும் கைப்பையில்தான் இருக்கும்.

பருவம்: நம் லீவும் அந்தக் கடலும் பொருந்துகிறதா?

வெயில் தேடிப் போகும் வெள்ளைக்காரர்களுக்காக எழுதப்பட்ட பரிந்துரைகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மும்பையில் இருப்பவர்களுக்கு வெயில் புதிதல்ல. நாம் தேடுவது தெளிந்த, குளிக்கக்கூடிய கடலும் புழுக்கம் இல்லாத காற்றும். அதனால் நம் லீவுக்கு ஏற்ற மாதிரி பார்க்க வேண்டும்.

மே மாதம். மும்பைப் பள்ளிகளுக்கு நீண்ட லீவு அப்போதுதான். மத்தியதரைக் கடலுக்கு நல்ல காலம். வெயில் இதமாக இருக்கும், ஜூலை ஆகஸ்ட் கூட்டம் இன்னும் வந்திருக்காது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். காற்று சூடாக இருந்தாலும் கடல் தண்ணீர் அப்போது 18, 20 டிகிரிதான். நம் ஊர்க் கடல் 25 டிகிரிக்குக் குறைவதே அபூர்வம் என்பதால் கால் வைத்ததும் சில்லென்று இழுத்துக்கொள்ளும். என் பையன் நேப்பிள்ஸ் பக்கம் ஒரு கடற்கரையில் ஓடிப் போய் முழங்கால் வரை இறங்கி, அதே வேகத்தில் திரும்பி ஓடிவந்தான். மே மாதத்தில் அங்கே ஊர் பார்க்கப் போங்கள், நீந்துவதைக் கப்பலின் நீச்சல் குளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடலில் குளித்தே ஆகவேண்டும் என்றால் செப்டம்பர்தான். கோடை முழுக்க வாங்கிய சூட்டைக் கடல் அப்போதும் வைத்திருக்கும்.

மே மாதத்தில் கரீபியனும் நன்றாகவே இருக்கும். புயல் காலம் அதிகாரபூர்வமாக ஜூன் 1ஆம் தேதி தொடங்கி நவம்பர் 30 வரை. அதில் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரைதான் உச்சம். மே மாதத்தில் சில தீவுகளின் கிழக்குக் கரைகளில் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி குவிந்து கிடக்கும் என்பது மட்டும்தான் குறை.

தீபாவளி லீவு. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். அக்டோபரில் கரீபியன் கப்பல்கள் மலிவாகக் கிடைக்கும். மலிவுக்குக் காரணம் புயல். புயல் வந்தால் கப்பலுக்கு ஆபத்து என்று பயப்பட வேண்டாம், கேப்டன் வெகு தூரம் சுற்றிப் போய்விடுவார். ஆனால் கிழக்குத் தீவுகளுக்கு டிக்கெட் வாங்கியவர்கள் மேற்கே மெக்சிகோவில் இறங்க நேரலாம். ஒப்பந்தத்திலேயே அந்த உரிமையைக் கப்பல் நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. பள்ளி லீவு தேதியை நகர்த்த முடியாத நாம் அந்தச் சூதாட்டத்தில் இறங்க வேண்டாம். தீபாவளி அக்டோபரில் வந்தால் கிரீஸ், துருக்கிப் பக்கம் பாருங்கள், இன்னும் இளஞ்சூடு இருக்கும். நவம்பரில் வந்தால் புக்கெட், லங்காவி பக்கம் தென்மேற்குப் பருவமழை விலகி, கடல் அமைதியாகத் தொடங்கியிருக்கும்.

கிறிஸ்துமஸ் லீவு. கரீபியன் அப்போதுதான் மிக அழகு. விலையும் அப்போதுதான் உச்சம், கப்பல் முழுக்க அமெரிக்கக் குடும்பங்கள். சிங்கப்பூரில் டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆனால் புக்கெட் பக்கம் வெயிலடிக்கும். மத்தியதரைக் கடல் அப்போது குளிர்.

ஜூலை, ஆகஸ்ட். மும்பை மழையிலிருந்து தப்பித்தால் போதும் என்று தோன்றும். ரோமிலும் ஏதென்ஸிலும் அப்போது 35 டிகிரிக்கு மேல் போகும், நிழலே இல்லாத கல் தரையில் வரிசையில் நிற்க வேண்டும். பெரியவர்களை அழைத்துக்கொண்டு அந்த மாதங்களில் போகாதீர்கள்.

விசா: பாதி முடிவு இங்கேதான்

கரீபியன் கப்பல்களில் பெரும்பாலானவை மியாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கனாவரல் போன்ற ஃபுளோரிடா துறைமுகங்களிலிருந்து கிளம்புகின்றன. அமெரிக்க விசா இல்லாமல் அங்கே போகவே முடியாது. கட்டணம் ஆளுக்கு 185 டாலர், குழந்தைக்கும் அதேதான். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கும் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். ஆனால் கிடைத்துவிட்டால் இந்தியர்களுக்குப் பொதுவாக 10 வருஷத்துக்கு, பல முறை போய்வரும் விசாவாகத் தருகிறார்கள். மெக்சிகோவும் அந்த விசா இருந்தால் தனி விசா கேட்பதில்லை. அமெரிக்காவில் அண்ணனோ மகளோ இருந்து ஏற்கெனவே விசா வைத்திருக்கும் குடும்பங்கள் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் எத்தனையோ. அவர்களுக்குக் கரீபியன் மிகச் சுலபம். பேரன் பேத்தியைப் பார்க்கப் போகும்போதே ஒரு வாரம் கப்பலில் போய்விடலாம்.

அமெரிக்க விசா இல்லாமல் கரீபியன் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பார்படோஸ் இந்தியர்களிடம் விசா கேட்பதில்லை. ஆனால் அங்கே போகும் வழியில் பெரும்பாலும் லண்டனோ அமெரிக்காவோ குறுக்கிடும், டிரான்சிட் விசா வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்துக்கு நேராக அமெரிக்க விசாவே எடுத்துவிடலாம்.

மத்தியதரைக் கடலுக்கு ஷெங்கன் விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது. பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே மாதப் பயணத்துக்கு ஜனவரி, பிப்ரவரியிலேயே தேதி பிடித்துவிடுங்கள், ஏப்ரலில் மும்பையே வரிசையில் நிற்கும். எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்பது கப்பல் பயணத்தில் குழப்பமான கேள்வி. அதிக நாள் இருக்கும் நாடு எதுவோ அது. சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பார்சிலோனாவில் இரண்டு நாள் முன்னால் போய்த் தங்கினால் அந்தக் கணக்கே மாறலாம், எனவே ஹோட்டலை உறுதி செய்த பிறகு எண்ணுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

கப்பல் துருக்கியின் குசாதாசியிலோ துனிசியாவிலோ நின்றுவிட்டுத் திரும்பி ஐரோப்பாவுக்குள் வருமானால் மல்டிபிள் என்ட்ரி கேட்டு வாங்க வேண்டும். இது தெரியாமல் ஒற்றை நுழைவு விசாவோடு போனால் கப்பல் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது என்பதால் டூப்ரோவ்னிக் போக இப்போது தனி விசா வேண்டாம்.

சிங்கப்பூருக்கும் விசா வேண்டும், ஆனால் ஏஜென்ட் வழியாகச் சில நாட்களில் முடிந்துவிடும். கப்பல் வெளியே போய்த் திரும்பி வருவதால் அதுவும் பல நுழைவு விசாவாக இருக்கிறதா என்று பாருங்கள். மலேசியாவும் தாய்லாந்தும் 2023 கடைசியிலிருந்து இந்தியர்களுக்கு விசாவைத் தளர்த்தின. இந்தச் சலுகைகளுக்குக் காலக்கெடு உண்டு, பணம் கட்டும் வாரத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட்டுகள் பலர் சொல்லாமல் விடும் ஒரு விஷயம்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. தெற்குக் கரீபியன் கப்பல்கள் சில டிரினிடாடிலோ, கொலம்பியாவின் கார்த்தஹேனாவிலோ, பனாமாவிலோ நிற்கும். அந்த நாடுகளிலிருந்து ஆறு நாளுக்குள் இந்தியா திரும்பினால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் அந்தச் சான்றிதழ் செல்லும். கப்பல் நிற்கும் ஊர்ப் பட்டியலில் இந்தப் பெயர்கள் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

யார் கூட வருகிறார்கள்?

முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வந்தால் ஒவ்வொரு துறைமுகத்திலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். கப்பல் கரையோடு ஒட்டி நிற்குமா, இல்லை டெண்டர் என்ற சின்னப் படகில் ஏறிக் கரைக்குப் போக வேண்டுமா? ஊர் துறைமுகத்திலேயே இருக்கிறதா, இல்லை பஸ்ஸில் போக வேண்டுமா?

மத்தியதரைக் கடலில் இந்த இரண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம். ரோம் என்று காகிதத்தில் போட்டிருப்பார்கள். கப்பல் நிற்பது சிவிடவெக்கியாவில், அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். ஃபுளோரன்ஸ் என்றால் லிவோர்னோவில் இறங்கி அதைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம். காலை 7 மணிக்கு இறங்கி, பஸ் ஏறி, வரிசையில் நின்று, மாலைக்குள் ஓடிவர வேண்டும். நேப்பிள்ஸ், பலெர்மோ, மெசினா, மால்டாவின் வலெட்டா போன்ற இடங்களில் கப்பலை விட்டு இறங்கினால் ஊரே எதிரில் நிற்கும். வலெட்டாவில் கோட்டைச் சுவரின் அடிவாரத்திலிருந்து மேலே நகரத்துக்குப் போக லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். அம்மா அதில் ஏறி, மேலே தோட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, கீழே நிற்கும் எங்கள் கப்பலையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பயணத்தில் அவளுக்குப் பிடித்த இடம் அதுதான். சாண்டோரினி படத்தில் பார்க்க எவ்வளவு அழகோ, பெரியவர்களுக்கு அவ்வளவு சிரமம். டெண்டர் படகில் கரைக்குப் போய், அங்கிருந்து கேபிள் கார் வரிசையில் நிற்க வேண்டும். இல்லையென்றால் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். 2025 கோடையிலிருந்து உச்சப் பருவத்தில் சாண்டோரினியிலும் மிக்கனோஸிலும் இறங்கும் கப்பல் பயணிகளுக்கு ஆளுக்கு 20 யூரோ வரியும் போடுகிறார்கள்.

சின்னக் குழந்தைகள் இருந்தால் கரீபியனுக்கு நிகர் இல்லை. ஏழு நாளில் இரண்டு மூன்று நாள் கப்பல் கடலிலேயே போகும். சறுக்குமரம், நீச்சல் குளம், ஐஸ்கிரீம், குழந்தைகள் கிளப் என்று அவர்களுக்குப் பொழுது போய்விடும். மத்தியதரைக் கடலில் ஏறக்குறைய தினமும் ஒரு ஊர். எட்டு வயதுப் பிள்ளைக்கு நான்காவது தேவாலயத்தில் பொறுமை போய்விடும், அதைக் குறை சொல்ல முடியாது.

சைவச் சாப்பாடு. பெரிய கப்பல்களில் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்தால் இந்திய சைவமும் ஜெயின் சாப்பாடும் செய்து தருகிறார்கள். ஏறிய பிறகு சொன்னால் முதல் இரண்டு நாள் சாலட்தான். சிங்கப்பூர்க் கப்பல்களில் நம் ஆட்கள் நிறையப் போவதால் இந்தக் கவலையே வேண்டாம். மற்ற கப்பல்களிலும் ஒரு வழி இருக்கிறது. காலை பஃபேயில் வெறும் தயிர் இருக்கும், மதியம் வெள்ளைச் சாதம் இருக்கும். எங்கள் கப்பலில் சாப்பாட்டு அறையில் ஒரு தூத்துக்குடிப் பையன் பரிமாறினான். அம்மா தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு, மூன்றாம் நாள் மதியம் கிட்டே வந்து, "அம்மா, காலையில வச்ச தயிர் எடுத்து வச்சிருக்கேன், கொண்டு வரட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டான். அம்மா சாதத்தைப் பிசைந்து, உப்புப் போட்டு, எங்கள் எல்லோருக்கும் ஒரு உருண்டை கொடுத்தாள். கப்பல் ஊழியர்களில் கோவாக்காரர்களும் மும்பைக்காரர்களும் நிறைய. முதல் நாளே பேசிவிடுங்கள்.

ஒவ்வொரு கடலும் எப்படி?

கரீபியனை ஒரே இடமாக நினைக்க வேண்டாம். கிழக்கு வழியில் செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின், போர்ட்டோ ரிக்கோ. வெண்மணல் கடற்கரை வேண்டுமென்றால் இது. செயின்ட் மார்ட்டினில் மாஹோ கடற்கரையில் நிற்பவர்கள் தலைக்கு மேலேயே விமானம் தாழ்ந்து இறங்கும், பசங்களுக்கு அது ஒன்றே போதும். மேற்கு வழியில் மெக்சிகோவின் கோசுமெல், ஹோண்டுராஸின் ரொவாட்டான், கிராண்ட் கேமன். பவளப்பாறை, மாயா நாகரிகத்தின் இடிபாடுகள், திருக்கை மீன்களோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்பது எல்லாம் இங்கே. தெற்கு வழியில் அரூபா, குராசாவ், பார்படோஸ். அரூபா, குராசாவ் பக்கம் புயல் பாதைக்கு ஏறக்குறைய வெளியே இருப்பதால் புயல் மாதங்களில் போயே ஆகவேண்டும் என்றால் இதைப் பாருங்கள்.

தமிழர்களுக்கு அங்கே இன்னொரு காரணமும் இருக்கிறது. பிரெஞ்சுத் தீவுகளான மார்ட்டினிக்குக்கும் குவாதலூப்புக்கும் 1853, 1854லிருந்து கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்னும் இருக்கிறார்கள். மொழி போய்விட்டது, மாரியம்மன் போகவில்லை. மதுரை வீரனை 'மால்தேவிதான்' என்ற பெயரில் கும்பிடுகிறார்கள். அங்கே வீட்டுக்கு வீடு செய்யும் குழம்புக்குக் கொலம்போ என்று பெயர், அதன் மசாலாவில் மஞ்சளும் கொத்தமல்லியும் சீரகமும் கடுகும் இருக்கும். குவாதலூப்பில் ஷாங்கி என்ற இடத்தில் நம் கோபுரத்தோடு ஒரு கோயில் நிற்கிறது. இந்தத் தீவுகளில் நிற்கும் கப்பல் கிடைத்தால் கடற்கரையை விட்டுவிட்டு ஒரு டாக்ஸி பிடித்துப் போய்வாருங்கள். இவை ஷெங்கனுக்குள் சேராதவை, எனவே பிரெஞ்சுத் தூதரகத்தின் விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மத்தியதரைக் கடலில் மேற்குச் சுற்று என்றால் ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி. முதல் முறை போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கிழக்குச் சுற்றில் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகம், கிரேக்கத் தீவுகள், குசாதாசியிலிருந்து எஃபெசஸ் என்ற பழங்கால நகரம். வரலாற்றில் ஆர்வம் இருப்பவர்களுக்கு எஃபெசஸ் ஒன்றுக்காகவே போகலாம். வெனிஸ் என்று போட்டிருந்தால் எங்கே ஏறுகிறீர்கள் என்று கேளுங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் நகரத்தை ஒட்டிய ஜூடெக்கா கால்வாய்க்குள் வரக்கூடாது, பல கப்பல்கள் ட்ரியெஸ்டேயிலிருந்தும் ரவென்னாவிலிருந்தும் கிளம்புகின்றன.

சிங்கப்பூர் சுற்று நாள் குறைவாக இருப்பவர்களுக்கும் முதல் முறை கப்பல் ஏறுகிறவர்களுக்கும். ஊரைப் பார்ப்பதைவிடக் கப்பலை அனுபவிப்பதுதான் அதில் முக்கியம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துபாய், அபுதாபி, தோஹா சுற்று நவம்பர் முதல் மார்ச் வரைதான். மும்பையிலிருந்து மூன்று மணி நேரம், நீண்ட பயணம் என்ற கணக்கிலேயே வராது. செங்கடலில் 2023 கடைசியில் தொடங்கிய தாக்குதல்களுக்குப் பிறகு அந்தப் பக்கக் கப்பல் அட்டவணைகள் அடிக்கடி மாறின, செய்தியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஹவாய்க்கு அங்கேயே ஹொனலுலுவில் ஏறி இறங்கும் பிரைட் ஆஃப் அமெரிக்கா என்ற ஒரு கப்பல் வருஷம் முழுவதும் ஓடுகிறது. அழகு சொல்லி முடியாது, ஆனால் நமக்கு உலகத்தின் மறுபக்கம், மூன்று வாரம் இல்லாமல் வேண்டாம். கேனரித் தீவுகள் வெயில் தேடும் ஐரோப்பியர்களுக்கு, குளிர்காலத்தில் 20 டிகிரியில் நாம் ஸ்வெட்டர் போட வேண்டும். சிட்னியிலிருந்து போகும் பசிபிக் கப்பல்கள் ஃபிஜியில் நிற்குமானால் அங்கே நாடி என்ற ஊரில் சிவ சுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே புயல் காலம். ஆஸ்திரேலியாவுக்குள் ஊறுகாய், பொடி எல்லாவற்றையும் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் அபராதம்.

பணக் கணக்கு

விளம்பரத்தில் இருக்கும் தொகை கப்பல் கட்டணம் மட்டும். அதன் மேல் துறைமுக வரி, தினசரி டிப்ஸ், வைஃபை, ஊர் சுற்றும் செலவு, விமானம், முன்னால் தங்கும் ஹோட்டல், விசா, காப்பீடு எல்லாம் சேரும். டிப்ஸ் கரீபியன் கப்பல்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 டாலர் வரை கணக்கில் தானாக ஏறும். 18 டாலர் என்று வைத்துக்கொண்டால் நான்கு பேருக்கு 7 இரவில் 504 டாலர். நான்கு பேரின் அமெரிக்க விசாக் கட்டணம் 740 டாலர். கப்பல் கட்டணம் போக இவை மட்டுமே 1,244 டாலர், இதில் விமானம் இன்னும் வரவில்லை. மூன்று காகிதங்களுக்கும் இப்படித் தனித்தனியாகக் கூட்டி, மொத்தத்தைக் கப்பலில் தூங்கும் இரவுகளால் வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தெரிந்தது விலையேறி நிற்பதும் உண்டு.

ஏஜென்ட் வழியாக வெளிநாட்டுப் பேக்கேஜ் எடுத்தால் டிசிஎஸ் பிடிப்பார்கள், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி. விகிதம் பட்ஜெட்டில் மாறும். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால், ரசீது வரி கட்டுகிறவர் பெயரிலும் பான் எண்ணிலும் இருக்கட்டும். காப்பீட்டில் கப்பல் பயணம் என்று தனியாகச் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். நடுக்கடலில் கப்பல் டாக்டரைப் பார்த்தால் பில் டாலரில் வரும், நோயாளியை ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் காப்பீடு இல்லாமல் தாங்காது.

கப்பலும் கேபினும்

தலைசுற்றல் பயம் இருந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. பால்கனி மத்தியதரைக் கடலில் பணத்துக்குத் தகும், ஊர்கள் கண்ணெதிரே நெருங்கி வரும். 3 இரவு சிங்கப்பூர்க் கப்பலில் அறையில் இருக்கவே நேரம் இருக்காது, ஜன்னல் இல்லாத உள் கேபின் போதும்.

மும்பைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கோர்டிலியா கப்பல் இங்கே பாலார்ட் பையர் பக்கத்திலிருந்தே கோவாவுக்கும் லட்சத்தீவுக்கும் போகிறது. லட்சக்கணக்கில் செலவழித்து மியாமி போவதற்கு முன்னால் இரண்டு இரவு அதில் போய்வந்தால், கடல் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா, கேபினில் நான்கு பேர் படுக்க முடிகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். மழைக்காலத்தில் அது இங்கிருந்து ஓடாது.

அக்கா கடைசியில் பார்சிலோனா காகிதத்தை எடுத்துக்கொண்டாள். நேப்பிள்ஸ், மெசினா, வலெட்டா வழியாகப் போகும் கப்பல், இறங்கியதும் ஊர் எதிரில் இருக்கும் சுற்று. இரண்டு நாள் முன்னால் போவதாக விமானத்தை மாற்றச் சொன்னாள். ஜனவரி கடைசியில் பெரியம்மாவை கோவா கப்பலில் அழைத்துப் போய்வந்தார்கள். தலை சுற்றவில்லை, ஆனால் கேபின் பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி பத்தவில்லை என்றாள். பார்சிலோனா கப்பலில் சக்கர நாற்காலி போகும் அளவுக்கு அகலமான, சுவரெல்லாம் கைப்பிடி வைத்த கேபின் ஒன்று மிச்சம் இருந்தது. அதையே எடுத்துவிட்டார்கள். விசா விண்ணப்பத்துக்குப் பிப்ரவரி முதல் வாரம் தேதி கிடைத்திருக்கிறது.